வளரிளம் பருவத்தினரின் உணவுப் பழக்கமும் தொழில்நுட்பமும்: எதைத் தேர்ந்தெடுப்பது?

2019 ஆகஸ்டில், உடல் எடைக் குறைப்புத் துறையில் நெடுங்காலமாக இயங்கிவரும் வெயிட் வாட்சர்ஸ் நிறுவனம், 8 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக ‘குர்போ’ என்ற செயலியை வெளியிட்டது. பிள்ளைகள் தாங்கள் உண்டதைப் பதிவுசெய்தால், செயலி அதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சாலை விளக்கின் நிறங்களில் பிரித்துக் காட்டும். இந்த நிறப் பகுப்பு புதிதன்று. உடல் பருமனுள்ள குழந்தைகளுக்கான குடும்பவழிச் சிகிச்சைக்காக லெனர்ட் எப்ஸ்டீன் என்ற உளவியலாளர் 1970களில் உருவாக்கிய முறை அது. பெற்றோரும் வல்லுநரும் உடனிருக்கையில் பயன்பட்ட ஒன்று, தனியாக அமர்ந்திருக்கும் பிள்ளையின் கைப்பேசிக்குள் புகுந்தபோது, எடை குறித்த அச்சத்தால் உணவை மிகையாகத் தவிர்ப்பது போன்ற உண்ணல் கோளாறுகளுக்குச் சிகிச்சை அளிப்போர் பலர் அதை எதிர்த்தார்கள். 2022 மார்ச்சில் வேறொரு பக்கத்திலிருந்து சிக்கல் வந்தது. 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோரின் அனுமதியின்றித் திரட்டியதாக அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கில், 15 லட்சம் டாலர் அபராதம் செலுத்தவும், அந்த விவரங்களையும் அவற்றைக் கொண்டு உருவாக்கிய கணினி நெறிமுறைகளையும் (அல்காரிதம்) அழிக்கவும் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது.

வளரிளம் பருவத்தினரின் உணவுப் பழக்கத்தைச் சீர்செய்யத் தொழில்நுட்பத்தை நாடும் பள்ளி நிர்வாகமோ பெற்றோரோ சுகாதாரத் துறையினரோ கேட்க வேண்டிய கேள்விகள் பெரும்பாலும் இந்த ஒரு கதைக்குள்ளேயே இருக்கின்றன. அந்தக் கருவி யார்மீது வேலையைச் சுமத்துகிறது? எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும்? தவறாகப் போனால் யாருக்குக் கேடு? என்ன விவரங்களைத் திரட்டுகிறது? சந்தையிலும் ஆய்வு இதழ்களிலும் காணப்படும் பல வழிகளை இந்த நான்கு கேள்விகளின் துணையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எல்லா வழிகளுக்கும் ஒரே அளவு இடம் தர இயலாது. சிலவற்றைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை.

முதலில் இலக்கைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரையிலான காலத்தை வளரிளம் பருவம் என்கிறது. 10 வயதைக் கடந்த எவரும் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும், உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் ஆற்றல் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பவை அந்நிறுவனத்தின் பரிந்துரைகள். இவற்றில் புரியாதது எதுவும் இல்லை. எண்கள் நினைவில் இல்லாவிட்டாலும், காய்கறி நல்லது, இனிப்புப் பானம் நல்லதன்று என்பதைப் பதினான்கு வயதுப் பிள்ளை நன்றாகவே அறியும். அறிந்தும் அதையே வாங்குவதற்குக் காரணம், அந்த முடிவு எடுக்கப்படும் சூழல்: பசி முற்றிய நேரம், உடன் நிற்கும் நண்பர்கள், கண்ணெதிரே இருக்கும் பொருள், யோசிக்கக் கிடைக்கும் சில நொடிகள். ஆகவே, தகவலைக் கொடுப்பதை மட்டுமே வேலையாகக் கொண்ட கருவிகளிடம் நான் அதிகம் எதிர்பார்ப்பதில்லை.

உண்டதைக் குறித்துவைக்கும் செயலிகளை முதலில் எடுத்துக்கொள்வோம். ‘தொழில்நுட்பத்தால் ஏதேனும் செய்யலாமா’ என்று யாரேனும் கேட்டவுடன் முன்வைக்கப்படுபவை இவைதாம். எடையைக் குறைக்க விரும்பித் தாமாகவே முன்வரும் பெரியவர்களுக்குத் தன்பதிவு உதவுகிறது என்பதற்குப் போதிய சான்று உண்டு. ஆனால் அந்தச் சான்றை அப்படியே பிள்ளைகளுக்குப் பொருத்துவதில் மூன்று தடைகள் எழுகின்றன. முதலாவது, பெரியவர் தாமாகக் கேட்டு வாங்கிய கருவி, பிள்ளைக்கு வேறொருவர் கொடுத்த வீட்டுப்பாடமாக மாறிவிடுகிறது. முதல் வாரத்தில் ஆர்வத்தோடு நிரப்பப்படும் பதிவேடு சில வாரங்களில் வெறுமையாகிவிடும். இரண்டாவது, வீட்டில் பல பொருள்களைச் சேர்த்துச் சமைத்த ஒரு உணவில் எவ்வளவு எண்ணெய் இருந்தது, தட்டில் விழுந்தது எத்தனை கிராம் என்பதைச் சமைத்தவராலேயே சொல்ல முடியாதபோது, உண்டவர் பதிவுசெய்யும் எண் ஊகமாகவே இருக்கும். அந்த ஊகத்தைச் செயலி துல்லியமான எண்ணைப் போலத் திருப்பிக் காட்டுகிறது. மூன்றாவது, வளரும் உடலின் தேவை மாதத்துக்கு மாதம் மாறக்கூடியது. திடீரென உயரம் கூடும் காலத்தில் ஒரு பிள்ளை முன்பைவிட மிகுதியாக உண்பது இயல்பு. பெரியவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட செயலி, அந்த இயல்பான பசியையே வரம்பு மீறலாகச் சிவப்பில் காட்டும்.

இவற்றைவிடக் கவலை தருவது, உண்ணல் கோளாறுகள் பெரும்பாலும் தலைகாட்டத் தொடங்குவது இந்த வயதில்தான் என்பது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், உண்ணல் கோளாறு கண்டறியப்பட்ட 105 பேரிடம் கேட்டபோது, ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் மைஃபிட்னஸ்பால் என்ற கலோரிக் கணக்குச் செயலியைப் பயன்படுத்தியிருந்தனர். அப்படிப் பயன்படுத்தியவர்களில் 73 விழுக்காட்டினர், தங்கள் கோளாறுக்கு அதுவும் ஓரளவு காரணம் என்று கருதினர். செயலியால்தான் நோய் வந்தது என்பதற்கு இது ஆதாரமாகாது. நோயின் பிடியில் இருப்பவர் அப்படிப்பட்ட கருவியைத் தேடிச் செல்வதும் இயல்பே. ஆயினும் நூறு பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் ஒரு கருவியைக் கொடுக்கப்போகிறவர், அந்த நூறில் எந்தச் சிலர் அத்தகைய நிலையில் இருக்கிறார்கள் என்பதை அறியாமலேதான் கொடுக்கிறார். அந்தக் காரணத்தாலேயே, கலோரியை எண்ணும் செயலியை ஒரு வகுப்புக்கோ பள்ளிக்கோ பொதுவாகப் பரிந்துரைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

இதற்கு விலக்கு உண்டு. முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைக்கு, ஒவ்வொரு வேளையும் உண்ணும் மாவுச்சத்தின் அளவைக் கணக்கிட்டால்தான் இன்சுலின் அளவைத் தீர்மானிக்க முடியும். அங்கே பதிவுச் செயலி நாள்தோறும் தேவைப்படும் துணை, அதன் பின்னால் ஒரு மருத்துவரும் இருக்கிறார். எண்களே இல்லாமல் உணவைப் படம் மட்டும் எடுத்து வைக்கும் முறையும் கலோரிக் கணக்கைவிட மென்மையானது. ஒரு வாரப் படங்களை வரிசையாகப் பார்க்கும்போது, காய்கறியே இல்லாத நாள்கள் எத்தனை என்பது அறிவுரை எதுவும் இன்றியே கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால் படத்தைப் பார்த்தே கலோரியைச் சொல்லிவிடுவதாகக் கூறும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை நம்ப வேண்டியதில்லை. உணவுக்குள் கலந்துவிட்ட எண்ணெயையும் உப்பையும் கரைந்துபோன சர்க்கரையையும் எந்தக் கேமராவாலும் பார்க்க முடியாது.

பார்கோடை ஸ்கேன் செய்து பொருளுக்கு மதிப்பெண் சொல்லும் செயலிகள் அடுத்தவை. 2012இல் தொடங்கிய ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ் என்ற திறந்த தரவுத்தளமும், 2017இல் பிரான்சில் தொடங்கிய யூகா செயலியும் இவ்வகைக்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள். பிள்ளைகள் இவற்றை விரும்புகிறார்கள்; வீட்டு அலமாரியில் உள்ள எல்லாவற்றையும் ஒரே மாலையில் ஸ்கேன் செய்து, பெற்றோர் வாங்கியதைக் குறைசொல்வதில் அவர்களுக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி தனி. உறையின் பின்புறத்தைப் படிக்கும் பழக்கம் அதனால் வருமென்றால் அது நன்மையே. ஆனால் பார்கோடு இல்லாத உணவைப் பற்றி இச்செயலிகளுக்குச் சொல்ல எதுவும் இல்லை. நல்ல உணவில் பெரும்பகுதிக்குப் பார்கோடே இருப்பதில்லை. மேலும், சத்துகளின் அளவைப் பார்க்கும் நியூட்ரி-ஸ்கோர் முறையும், எந்த அளவுக்குப் பதப்படுத்தப்பட்டது என்பதைப் பார்க்கும் நோவா முறையும் ஒரே பொருளுக்கு எதிரெதிரான தீர்ப்பு வழங்கக்கூடும் என்பதை யாரேனும் விளக்கவேண்டியிருக்கும். ஒரு வகுப்பு நேரத்துக்குரிய பயிற்சியாக இதை வைத்துக்கொள்ளலாம். திட்டமாக வைத்துக்கொள்ள இதில் போதிய சரக்கு இல்லை.

விளையாட்டுகளுக்குச் சான்று கொஞ்சம் உறுதியாகவே இருக்கிறது. டாம் பரனவ்ஸ்கி தலைமையிலான குழு, 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய இரண்டு கணினி விளையாட்டுகளைச் சோதித்து 2011இல் வெளியிட்ட முடிவின்படி, விளையாடியவர்கள் உண்ட காய்கறி, பழங்களின் அளவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.67 பரிமாறல், அதாவது ஒரு முறை பரிமாறும் அளவில் மூன்றில் இரண்டு பங்கு, கூடியது. தண்ணீர் அருந்துவதிலும் உடல் உழைப்பிலும் மாற்றம் இல்லை. சிறிய ஆதாயம், ஆனால் உண்மையான ஆதாயம். அந்த விளையாட்டுகள் கதையும் பாத்திரங்களும் பல அமர்வுகளும் கொண்டவை. அவற்றை உருவாக்க நிறையப் பணமும் காலமும் வேண்டும். வணிக விளையாட்டுகளின் நேர்த்திக்குப் பழகிய பதினாறு வயதுக்காரரிடம், காய்கறியைப் பிடித்தால் புள்ளி கிடைக்கும் என்று யாரோ அவசரமாகச் செய்த விளையாட்டைக் கொடுத்தால், அவர் இரண்டு நிமிடங்கள்கூட அதில் தங்கமாட்டார். குறுஞ்செய்தி நினைவூட்டல்கள் இதற்கு நேர்மாறானவை: செலவு மிகக் குறைவு, பயனும் அவ்வாறே. இன்னொரு திட்டத்துக்குத் துணையாக வரும்போது மட்டும் அவற்றுக்கு இடமுண்டு.

சமூக ஊடகத்தில் இன்ஃப்ளூயன்சர்களைக் கொண்டு நல்ல உணவை விளம்பரப்படுத்தலாம் என்ற யோசனை, கூட்டங்களில் எளிதில் கைதட்டல் பெறுவது. இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதைப் பற்றி நிதானமாக யோசிக்க வைக்கிறது. 9 முதல் 11 வயதுள்ள 176 பிள்ளைகளை மூன்று குழுக்களாகப் பிரித்து, பிரபலமானவர்கள் நொறுக்குத்தீனியோடு இருக்கும் பக்கத்தை ஒரு குழுவுக்கும், ஆரோக்கியமான தின்பண்டத்தோடு இருக்கும் பக்கத்தை இன்னொரு குழுவுக்கும், உணவல்லாத பொருளோடு இருக்கும் பக்கத்தை மூன்றாம் குழுவுக்கும் காட்டினார்கள். நொறுக்குத்தீனியைப் பார்த்த குழு, உணவல்லாததைப் பார்த்த குழுவைவிட 26 விழுக்காடு அதிகக் கலோரி உண்டது. ஆரோக்கியமான தின்பண்டத்தைப் பார்த்த குழுவோ அதைக் கூடுதலாக உண்ணவில்லை. ஆக, இந்தக் கருவி ஒரு பக்கமாகவே வெட்டுகிறது. எதிர்த்தரப்பின் கையில் இருக்கும்போது கூர்மையாகவும் நம் கையில் மழுங்கியும் இருக்கிறது. அதோடு, 16 வயதுக்குட்பட்டோர் பெரிய சமூக ஊடகத் தளங்களில் கணக்கு வைத்திருப்பதை ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் முதல் தடைசெய்திருக்கும் நிலையில், அந்தத் தளங்களையே அடித்தளமாகக் கொண்ட ஒரு திட்டம் எத்தனை ஆண்டுகள் நிற்கும் என்பதையும் கருத வேண்டும்.

கேள்விக்குத் தானாகவே பதில் தரும் உரையாடல் மென்பொருள்களான சாட்பாட்களைப் பற்றி இப்போது அதிகம் பேசப்படுவதால் அவற்றையும் விட்டுவிட முடியாது. பிள்ளை கூச்சமின்றி எந்நேரமும் கேள்வி கேட்கலாம், எரிச்சல்படாமல் பதில் வரும் என்பது அவற்றின் உண்மையான வலிமை. அமெரிக்காவின் தேசிய உண்ணல் கோளாறுகள் சங்கம் ‘டெஸ்ஸா’ என்ற சாட்பாட்டை வைத்திருந்தது. உதவி தேடி வந்தவர்களிடமே அது கலோரியைக் குறைக்கவும் எடையை அவ்வப்போது அளக்கவும் அறிவுரை கூறியது வெளியானதும், 2023இல் அது நிறுத்தப்பட்டது. இத்துறையையே தன் பணியாகக் கொண்ட ஓர் அமைப்புக்கே நேர்ந்தது இது. பதில்களைப் பொறுப்பேற்றுப் பார்வையிட ஊட்டச்சத்து வல்லுநர் ஒருவர் இல்லாத இடத்தில் சாட்பாட் வேண்டாம் என்பதே என் முடிவு. வல்லுநர் இருக்கும் இடத்தில், அவரோடு நேரில் பேச வைப்பதற்கான வழியை முதலில் யோசிக்கலாம்.

இதுவரை பார்த்த வழிகள் எல்லாமே, பிள்ளையைத்தான் மாறச் சொல்கின்றன. பிள்ளை எதிரே இருக்கும் உணவுப் பட்டியல் அப்படியே இருக்கிறது. பள்ளி உணவகத்தில் முன்கூட்டியே இணையவழி ஆர்டர் செய்யும் முறை இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 10 தொடக்கப்பள்ளிகளில் நடந்து, 2017இல் முடிவு வெளியான ஒரு சோதனையில், ஆர்டர் செய்யும் திரையில் மட்டும் மாற்றங்கள் செய்யப்பட்டன: நல்ல உணவுகள் பட்டியலில் முன்னால் வந்தன, பொருளுக்குப் பொருள் நிறக்குறி இடப்பட்டது, ஆர்டரை முடிக்கும் முன் ஒரு நினைவூட்டல் சேர்க்கப்பட்டது. ஆர்டர்களில் ஆற்றலும் நிறைவுற்ற கொழுப்பும் சோடியமும் குறைந்தன. உணவகத்தின் வருமானம் குறையவில்லை. இங்கேயும் அதே மூன்று நிறங்கள்தாம் என்பதைக் கவனிக்க வேண்டும். குர்போவில் அவை ஒரு பிள்ளை கழித்த நாளின்மீது பூசப்பட்டன. இங்கே விற்பனைக்கு வைக்கப்பட்ட பண்டத்தின்மீது பூசப்பட்டன. முன்னதில் சிவப்பு என்றால் நீ தவறினாய் என்று பொருள். பின்னதில் சிவப்பு, இந்தப் பண்டத்தை எப்போதாவது உண் என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை.

இம்முறை செயல்படுவதற்கான காரணங்களும் எளியவை. காலையில், பசி இல்லாதபோது, வரிசையில் நிற்கும் நண்பர்களின் பார்வை இல்லாதபோது முடிவு எடுக்கப்படுகிறது. திரையில் முதலில் தெரிவதையே பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள். பிள்ளையின் ஆர்வம் தணிந்துபோனாலும் பட்டியலின் வரிசை மாறுவதில்லை. ஆகவே நான்காவது மாதத்திலும் அது முதல் நாளைப் போலவே வேலை செய்யும். எத்தனை பேருக்கு எதைச் சமைப்பது என்பது முன்பே தெரிவதால் வீணாவதும் குறைகிறது. உணவகம் நடத்துபவரை இணங்க வைக்க இதைவிட நல்ல வாதம் கிடையாது.

குறைகளும் உண்டு. மேற்சொன்ன சோதனை தொடக்கப்பள்ளிகளில் நடந்தது. அந்த வயதில் ஆர்டர் செய்வதில் பெற்றோரின் கை இருக்கும். பதினைந்து வயதுக்காரர் தானே ஆர்டர் செய்வார், பிடிக்காவிட்டால் பள்ளி வாசலைத் தாண்டிச் சென்று வாங்கிக்கொள்வார். ஆகவே வளரிளம் பருவத்தினரிடம் அதே அளவு பயனை எதிர்பார்ப்பது பொருந்தாது. உணவகமே இல்லாத பள்ளிக்கு இந்த வழியே இல்லை. யார் எதை வாங்கினார் என்ற பட்டியலும் தனிப்பட்ட விவரம்தான். அதை வெளி நிறுவனம் ஒன்றின் சேவையகத்தில் வைப்பதாக இருந்தால், எவ்வளவு காலம் வைக்கப்படும், யார் பார்ப்பார்கள், விளம்பரத்துக்குப் பயன்படுமா என்பனவற்றை எழுத்தில் பெற்ற பிறகே ஒப்பந்தம் செய்ய வேண்டும். பட்டியலை ஏன் இப்படி அடுக்கினோம் என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்கவும் கூடாது. தங்களை யாரோ ஓசையில்லாமல் நகர்த்துகிறார்கள் என்பதைப் பதின்வயதினர் கண்டுபிடித்தால், வேண்டுமென்றே கடைசிப் பக்கத்துக்குச் சென்று தேர்ந்தெடுப்பார்கள்.

அந்த முரட்டுத்தனத்தையே துணையாகக் கொண்ட வழி ஒன்று இருக்கிறது. ஒப்பீட்டுக்கு எடுத்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. கிறிஸ்டஃபர் பிரையன், டேவிட் யேகர் உள்ளிட்ட ஆய்வாளர்கள், டெக்சஸ் மாநிலத்தில் 13, 14 வயது மாணவர்களிடம் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசாமல், உணவு நிறுவனங்கள் அம்மாணவர்களை அவர்கள் அறியாமலேயே எப்படி அடிமைப்படுத்த முயல்கின்றன என்பதைக் காட்டும் பாடம் ஒன்றைக் கொடுத்தார்கள். 2016இல் வெளியான முதல் ஆய்வில், அந்தப் பாடத்தைப் படித்தவர்கள் மறுநாள் நல்ல தின்பண்டத்தைக் கூடுதலாகத் தேர்ந்தெடுத்தனர். 2019இல் வெளியான தொடர் ஆய்வில், ஐபேட் திரையில் உணவு விளம்பரங்களைக் கொடுத்து, அவற்றின்மீது கிறுக்கியும் வாசகங்களைத் திருத்தியும் உண்மையைச் சொல்லும் விளம்பரமாக மாற்றச் சொன்னார்கள். பள்ளி உணவகத்தில் மாணவர்களின் கொள்முதலைத் தொடர்ந்து பார்த்தபோது, ஆண்பிள்ளைகளிடம் மாற்றம் மூன்று மாதங்கள்வரை நீடித்தது. பெண்பிள்ளைகளிடம் இந்தப் பாடத்துக்கும் வழக்கமான சுகாதாரப் பாடத்துக்கும் இடையே அத்தகைய வேறுபாடு தெரியவில்லை. பெரியவர் சொல்லைக் கேட்பதாக அல்லாமல், ஏமாற மறுப்பதாக நல்ல உணவுத் தேர்வு இங்கே மாறுகிறது. எந்தச் செயலியையும் நிறுவ வேண்டியதில்லை, யாருடைய எடையையும் கேட்க வேண்டியதில்லை, எந்த விவரமும் சேமிக்கப்படுவதில்லை. தொழில்நுட்பம் மிகக் குறைவாகப் பயன்படும் வழி இதுதான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்; கைப்பலகைகள் இல்லாத பள்ளியில் அச்சிட்ட விளம்பரமும் பேனாவும் கொண்டு ஏறத்தாழ இதையே செய்யலாம்.

எனவே, உணவகம் உள்ள பள்ளி ஒன்று என்னிடம் கேட்டால், ஆர்டர் செய்யும் திரையை ஒழுங்குபடுத்துவதையும், கல்வியாண்டின் தொடக்கத்திலும் நடுவிலும் விளம்பரங்களைத் திருத்தும் பயிற்சியைச் சேர்ப்பதையும் பரிந்துரைப்பேன். வேறு எதையும் முதலாண்டில் சேர்க்கச் சொல்லமாட்டேன். உணவகம் இல்லாத பள்ளிக்கு விளம்பரப் பயிற்சி போதும். ஸ்கேன் செயலியை அதே வகுப்பில் ஒருமுறை காட்டலாம். வீட்டில் முடிவெடுக்கும் பெற்றோருக்கு என் பரிந்துரை, பிள்ளையின் கைப்பேசியைவிடத் தங்கள் கைப்பேசியைப் பற்றியது: வீட்டுக்கு மளிகையும் உணவும் வரவழைக்கும் செயலியில் அடிக்கடி வாங்கும் பொருள்களின் பட்டியலைத் திருத்தினால், அந்த மாதம் அலமாரியில் எது இருக்கும் என்பதே மாறிவிடும். மருத்துவமனையின் கண்காணிப்பில் உள்ள பிள்ளைக்கு மட்டும், மருத்துவர் கேட்டால் பதிவுச் செயலி.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், பயனை அளக்கும் முறையைத் தொடங்கும் முன்பே முடிவுசெய்துவிட வேண்டும். மாணவர்களின் எடையை அளவுகோலாக்குவது தவறு. ஓர் ஆண்டில் எடை மாறுவதற்கு வளர்ச்சியே பெரும் காரணமாக இருக்கும், எடை எடுக்கும் வரிசையில் நிற்பதே சிலருக்குத் தண்டனையாகவும் இருக்கும். பள்ளி உணவகத்தில் எந்தப் பண்டம் வாரத்துக்கு எத்தனை விற்றது என்ற கணக்கு, பெயர்கள் இன்றி, திட்டத்துக்கு முன் இரண்டு மாதங்களுக்கும் பின் ஆறு மாதங்களுக்கும் இருந்தால் போதும். முதல் மாதத்து எண்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புதுமை தீர்ந்த நான்காவது, ஐந்தாவது மாதத்து எண்களைப் பார்த்தே தொடர்வதா கைவிடுவதா என்று தீர்மானிக்கலாம். இடையில் ஏதேனும் ஒரு மாணவர் வேளை உணவைத் தவிர்க்கத் தொடங்கியது தெரியவந்தால், அந்த எண்களுக்காகக் காத்திராமல், அன்றைக்கே குடும்பத்தினரோடும் மருத்துவரோடும் பேச வேண்டும். அந்தப் பொறுப்பு எந்த ஆசிரியருடையது என்பதையும் திட்டம் தொடங்கும் முன்பே பெயர் குறித்து எழுதி வைத்திருக்க வேண்டும்.